சாவியை நான் தருவதாக இல்லை: செயற்குழுவுக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

செயற்குழுத் தோழர்களுக்கு,

ஒருபால் ஈர்ப்புள்ளவர்களும் திருநர்களும் ஞாயிறுதோறும் கூடுகிற நம் மதுரை அறையை மூடுவதென்று நீங்கள் எடுத்த முடிவு போன புதன்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஒரு பிடிஎஃப்பாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். நான் அப்போது கடையில் கல்லா எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்து, ஷட்டரை இறக்கி, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் திறந்து பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். 'கன்சாலிடேஷன்' என்ற வார்த்தை மட்டும் நாலு இடத்தில் இருந்தது. அதற்குள் பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி தனியாக எழுதியிருந்தாள்: "அக்கா, இது என்னன்னு தமிழ்ல சொல்லுங்க. வீட்டுல தம்பிக்குத்தான் இங்கிலீஷ் தெரியும், அவன்ட்ட காட்ட முடியாது." மூடுகிறார்கள் என்று பதில் எழுதினேன்.

இதைக் குழுவுக்குள்ளேயே பேசி முடித்திருக்கலாமே, எதற்கு ஊரறிய ஒரு மடல் என்று கேட்பீர்கள். மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு 'நோட்டட்' என்று ஒரே ஒரு சொல். மூன்றாவதற்கு, இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்து அட்வான்ஸை வாங்கி அமைப்பின் கணக்கில் கட்டிவிட வேண்டும் என்று ஒரு உத்தரவு. அமைப்பின் பெயரையோ உங்கள் பெயர்களையோ இங்கே எழுதவில்லை, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். என் பெயரைப் போடவும் எனக்கு வழியில்லை. மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், வயது முப்பத்தாறு, எட்டு வருஷமாக அந்த அறையின் சாவி என் மணிபர்ஸில் கிடக்கிறது, இவ்வளவு போதும்.

அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் இரண்டு பேர்தான் அதை நேரில் பார்த்திருக்கிறீர்கள், அதிலும் ஒருவர் வாசலோடு திரும்பிவிட்டார். சிம்மக்கல்லில் இறங்கி இரண்டு சந்து உள்ளே வர வேண்டும். கீழே பைண்டிங் கடை, எந்நேரமும் பசை வாடை. படி குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளணும். மேலே பத்துக்குப் பதினாலு அறை, ஒரு ஜன்னல், ரெண்டு பாய், ஒரு மண்பானை. கதவுக்கு மேலே, எங்களுக்கு முன்னால் வாடகைக்கு இருந்தவரின் போர்டு அப்படியே இருக்கிறது: 'டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், தமிழ் – ஆங்கிலம், லோயர் – ஹையர்'. வீட்டுக்காரர் கழற்றவில்லை, நாங்களும் கழற்றவில்லை. அந்தப் போர்டுதான் எங்களுக்குக் குலசாமி. வாடிப்பட்டியிலோ செக்கானூரணியிலோ இருக்கிற ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டுமே. டைப்ரைட்டிங் கிளாஸ் என்றால் எந்த அப்பாவும் தடுப்பதில்லை, மகள் குரூப் ஃபோர் எழுதப் போகிறாள் என்று அவரே நினைத்துக்கொள்வார்.

ஒரு தடவை ஒரு அம்மா சந்தேகப்பட்டு மகளின் பின்னாலேயே வந்துவிட்டார். அறையின் மூலையில் பழைய ரெமிங்டன் மிஷின் ஒன்று கிடக்கிறது, ரிப்பன் காய்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். எங்களில் ஒருத்தி ஓடிப்போய் அதன் முன்னால் உட்கார்ந்து, தாளே இல்லாமல், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று தட்ட ஆரம்பித்தாள். அந்த அம்மா பாதிப் படி ஏறி நின்று, சத்தத்தைக் கேட்டு, போர்டைப் பார்த்து, "மாசம் எம்புட்டு ஃபீஸு?" என்றார். முந்நூறு என்றேன். "அடுத்த மாசம் தந்துர்றேன்" என்று இறங்கிப் போனார். தந்தும்விட்டார், பாவம். அந்த முந்நூறு ரூபாயை என்ன செய்வதென்று தெரியாமல் மகள் கையிலேயே திருப்பிக் கொடுத்தோம்.

உங்கள் பிடிஎஃப்பில் இந்த அறையைப் பற்றிய முதல் குறை என்ன தெரியுமா? 'விசிபிலிட்டி' இல்லையாம். அமைப்பின் பெயர்ப்பலகைகூட வைக்கவில்லையாம்.

வெளிப்படையாக இருப்பதை நான் கிண்டல் செய்யவில்லை. சென்னையில் 2009இலிருந்து வானவில் பேரணி நடக்கிறது. மதுரையிலேயே 2012இல், ஒருபால் ஈர்ப்புக்காகத் தண்டிக்கப்பட்ட கணித மேதை ஆலன் டூரிங் பெயரில் விழா எடுத்தார்கள், ஊர்வலமும் போனார்கள். அந்தச் செய்தி வந்த பேப்பர் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் ரொம்ப நாள் வைத்திருந்தேன், அது இல்லாவிட்டால் என்னை மாதிரி இன்னொருத்தி இந்த ஊரில் இருப்பாள் என்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஊர்வலம் போனவர்களுக்கு நான் கடன்பட்டவள். ஆனால் ஊர்வலம் முடிந்து எல்லாரும் கலைந்தபின் எங்கே போய் உட்காருவது என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குத்தான் அறை.

2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவிலிருந்து உச்சநீதிமன்றம் எங்களை விடுவித்த நாள். 2013 டிசம்பரில் அதே நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று முகத்தில் அறைந்த மாதிரி தீர்ப்புச் சொன்னதை மறக்காதவர்கள், இந்தத் தடவையும் அப்படித்தான் ஆகும் என்று பயந்துகொண்டிருந்தவர்கள், அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். யாரோ அல்வா வாங்கி வந்திருந்தார்கள். கீழே பைண்டிங் கடைக்காரர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்ததால் சத்தம் வராமல் கைதட்டினோம், ஒரு கையை இன்னொரு கையில் படாமல் நிறுத்தி. உங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு டிவி கேமரா முன்னால் ஆடினார்கள், அதையும் நாங்கள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். ரெண்டும் சந்தோஷம்தான். ரெண்டும் ஒரே மாதிரி இடத்தில் நடக்கவில்லை என்பதை மட்டும் இப்போது நினைத்துப் பாருங்கள்.

இனி ஞாயிறு கூட்டம் ஜூமில் நடக்கும், சென்னை அலுவலகமே நடத்தும் என்கிறீர்கள். இதைச் சோதித்துப் பார்க்காமல் நான் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் மாதக்கணக்கில் அப்படித்தான் நடத்தினோம். அதற்கு முன் வாரம் இருபத்தைந்து, முப்பது பேர் வருவார்கள். ஜூமில் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேருக்கும் வீட்டில் தனி ரூம் உண்டு. நாலு பேர் ஆண்கள். மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஒருத்தி மாட்டுக் கொட்டகையில் நின்று பேசினாள், மாடு கத்தும்போதெல்லாம் மைக்கை அணைத்தாள், மூணாவது வாரம் அண்ணன் வந்து பின்னால் நின்றான், அதோடு சரி. இன்னொருத்தி பேசவே மாட்டாள், ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்பாள், ஒருநாள் யாரோ சொன்னதுக்குச் சிரித்துவிட்டாள், "யார்ட்டடி பேசுற?" என்ற குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. திருநம்பித் தம்பி ஒருவருக்குச் சொந்த போன் கிடையாது, அக்கா போனில் வருவார், திரையில் அவருடைய பழைய பெண் பெயர் தெரியும். அதை மாற்ற அவருக்குத் தெரியவில்லை, நாங்களும் சொல்லிக்கொடுக்கவில்லை, அது எங்கள் தப்பு. மூணு வாரம் அந்தப் பெயரைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு நின்றுவிட்டார்.

அறையை மறுபடி திறந்தபோது வந்த கூட்டம் முன்பைவிடப் பெரிது. அதற்குக் காரணம் நீங்களும் இல்லை, நாங்களும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, கொஞ்ச நாளில் திருநங்கையருக்கும் அது வந்தது. அதுவரைக்கும் "முப்பது ரூபா எதுக்குச் செலவாச்சு?" என்று கணக்குக் கேட்கிற வீடுகளிலிருந்து வரவே முடியாதவர்கள் அப்புறம்தான் வந்தார்கள். மேலூரிலிருந்து ஒரு பெண், இரண்டு குழந்தைக்குத் தாய், நாற்பது வயதுக்கு மேல், முதல் தடவை வந்தபோது மூணு மணி நேரமும் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரிடமும் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அடுத்த வாரமும் அப்படியே. ஐந்தாவது வாரம்தான் வாயைத் திறந்தார். ஜூமில் ஒருவர் ஐந்து வாரம் பேசாமல் இருந்தால் அவரை 'இன்ஆக்டிவ்' என்று கணக்கெடுப்பீர்கள்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. சராசரியாக வாரத்துக்கு நாலு பேர்தான் வருகிறார்கள் என்று இரண்டாவது பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைப் பார்த்துக் கோபம்கூட வரவில்லை, சிரிப்பு வந்தது. நீங்கள் எண்ணியது போன வருஷம் கொடுத்த கூகுள் ஃபாரத்தை: பெயர், வயது, மொபைல் நம்பர், மின்னஞ்சல், பாலின அடையாளம், பாலீர்ப்பு. அதை நிரப்பின நாலு பேரும் யார் என்று எனக்குத் தெரியும், அதில் நான் ஒருத்தி. மற்றவர்கள் எந்த தைரியத்தில் நிரப்புவார்கள்? எங்களிடம் உண்மையான வருகைப் பதிவு வேறு இருக்கிறது. சந்து முனை டீக்கடை அண்ணனிடம் எங்களுக்கு மாதக் கணக்கு. நீள நோட்டு, எங்கள் பக்கத்துக்கு மேலே 'டைப்பு' என்று எழுதியிருப்பார். உங்கள் கடிதம் வந்த மறுநாள் அதைக் கேட்டு வாங்கி ஆறு மாசத்தைப் புரட்டினேன். டைப்பு 22. டைப்பு 31. டைப்பு 27, பால் 2. சித்திரைத் திருவிழா வாரம் மட்டும் டைப்பு 9, அழகர் ஆற்றில் இறங்குகிறபோது இந்த ஊரில் எந்தக் கூட்டமும் நடக்காது. டீ குடிக்காதவர்கள் இந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அந்த அண்ணனுக்கு நாங்கள் யார் என்று தெரியுமா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "கிளாஸ மூடப்போறீங்களாக்கும்?" என்றார். அப்புறம் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "பாவம் புள்ளைக, எங்கிட்டுப் போகும்" என்றார். தெரியும்போல.

அடுத்து, போன். எங்கள் உதவி எண்ணையும் நிறுத்தி, சென்னை எண் ஒன்றோடு சேர்க்கப் போகிறீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்து முதல் மாலை ஆறு. பயிற்சி பெற்றவர்கள் பேசுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், பேசட்டும், நல்லது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் யாரும் வீட்டை விட்டு ஓடுவதில்லை.

போன ஆடி மாசம் ஒரு ராத்திரி பத்தே முக்காலுக்கு அழைப்பு வந்தது. மதுரையைத் தாண்டி ஒரு ஊர், எந்தப் போலீஸ் ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். இரண்டு பெண்கள், ஒருத்திக்கு இருபத்தொன்று, இன்னொருத்திக்கு இருபத்துமூன்று, பஸ் ஏறப்போன இடத்தில் பிடித்துக்கொண்டு வந்து உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு வீட்டாரும் வாசலில். நானும், எங்களுக்குக் காசு வாங்காமல் வருகிற வக்கீல் அம்மாவும், திருநங்கையர் ஜமாத்துப் பெரியம்மா ஒருவரும் ஒரு ஆட்டோவில் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டேகால். உள்ளே நுழைந்ததும் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுக?" சாதி கேட்கிறார்கள் என்று சென்னையிலிருந்து போனில் பேசுகிறவருக்குப் புரியுமா? அந்த இரண்டு பெண்களும் வேறு வேறு சாதி. வாசலில் நடந்த சண்டையில் பாதி அதைப் பற்றித்தான், பெண்ணும் பெண்ணும் என்பதுகூடப் பிறகுதான். அது புரியாமல் அந்த ராத்திரி யாரிடம் முதலில் பேசவேண்டும், யாரைப் பேசவிடக்கூடாது என்று தெரிந்திருக்காது.

நான் கையில் கொண்டுபோனது இரண்டு காகிதம். ஒன்று 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு: காணவில்லை என்று புகார் வந்து, விசாரித்ததில் அவர்கள் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். இன்னொன்று, அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் காவலர் நடத்தை விதிகளில் தமிழக அரசு சேர்த்த 24-சி. எங்களை மட்டுமல்ல, எங்களுக்காக வேலை செய்கிறவர்களையும் துன்புறுத்தக்கூடாது என்கிற விதி, லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "இது எங்க டிபார்ட்மெண்ட் ரூலா? எப்பப் போட்டாய்ங்க?" என்றார். கெட்டவர் இல்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு "உங்க அமைப்பு லெட்டர்பேடு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. அதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தப் பிள்ளைகளை எங்களோடு அனுப்பினார். விடியக்காலை மூணு மணிக்கு அறைக்கு வந்து பாயை விரித்துப் படுத்தார்கள். ஒருத்தி உடனே தூங்கிவிட்டாள், இன்னொருத்தி பசை வாடை குமட்டுகிறது என்று விடியும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

அறையையும் போனையும் எடுத்துவிட்டு, லெட்டர்பேடையும் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த ஆடியில் நான் என்னத்தைக் கொண்டுபோவேன்?

அந்த 2021 உத்தரவை நீங்கள் எல்லா மேடையிலும் சொல்கிறீர்கள், போஸ்டரில் போடுகிறீர்கள். வழக்குப் போட்ட அந்த இரண்டு பெண்களும் மதுரைக்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் எதிர்ப்பு, இங்கே இருக்க முடியாது என்று நானூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குப் போனார்கள், இங்கே பெற்றோர் புகார் கொடுத்தார்கள், போலீஸ் தேடி அங்கே போனது, அதற்கப்புறம்தான் கோர்ட்டு. நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ வாங்கியபோது 'மதுரை மண்ணின் மகள்' என்று போட்டீர்கள். அவரும் நாட்டியம் கற்க இந்த ஊரை விட்டுத் தஞ்சாவூருக்கு, கிட்டப்பா பிள்ளையிடம் போனவர்தான். எங்கள் ஊர் ஆட்கள் பெரிய இடத்துக்குப் போன கதை எல்லாமே ஊரை விட்டுப் போன கதையாக இருக்கிறது. எனக்குப் போக முடியாது, போகவும் விருப்பமில்லை. என் வேலை இங்கே, என் அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்கித் தர நான்தான், என் துணைக்குத் தையல் கடை இங்கே, வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று பார்ப்பதும் இங்கேதான். மதுரையிலேயே இருந்துகொண்டு நாங்களாக இருக்க முடியுமா என்று எட்டு வருஷமாக முயன்று பார்க்கிறோம், கொஞ்சம் முடியவும் செய்கிறது. அதைப் போய் 'கன்சாலிடேட்' செய்கிறீர்கள்.

அந்த வழக்கில் நீதிபதி செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே எழுதி ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்து, அதற்கப்புறம்தான் தீர்ப்பு எழுதினார். உயர்நீதிமன்ற நீதிபதி. நீங்கள் எங்களில் ஒருவரிடமாவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

சட்ட உதவியையும் இனி சென்னை வக்கீல் குழுவே பார்க்கும் என்கிறீர்கள். தேனியிலோ விருதுநகரிலோ ஒரு பெண்ணை வீட்டில் பூட்டி வைத்தால் ஆட்கொணர்வு மனு போட ஒத்தக்கடையில் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளைக்குத்தான் போக வேண்டும், பாரிமுனைக்கு இல்லை. 2019 ஏப்ரலில், தூத்துக்குடிக்காரர் ஒருவரும் அவர் மணந்த திருநங்கையும் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்ட வழக்கில், இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் திருநங்கையும்தான் என்று தீர்ப்பு வந்தது இங்கேதான். ஆண், பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலோடு பிறக்கிற ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்று சொன்னதும் அதே தீர்ப்பு. 2025 மே மாதம் வேலூர் வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் சொன்னதை எங்கள் வக்கீல் அம்மா அச்செடுத்து வந்து அறையில் வாசித்துத் தமிழில் சொன்னார். மேலூர் அம்மா அதில் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிப் போனார், அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

பணம். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, வாங்குகிற பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக்கூடாது, நிர்வாகச் செலவு இருபது சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இறுக்கினார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றது. கை கட்டப்பட்டிருக்கிறது என்பது புரிகிறது. ஆனால் இந்த அறைக்கு ஆகிற செலவு மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு வாடகை, கரண்டுக்கு நானூறு சொச்சம், டீயும் போனும் எங்கள் பாடு. இதே வருஷம் உங்கள் ஆண்டுக் கூட்டம் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்தது, எனக்கும் அழைப்பு வந்தது, மதிய சாப்பாட்டுக்கு ஒரு தலைக்கு எவ்வளவு என்று வெயிட்டரிடம் கேட்டுத் தொலைத்தேன். அதை இங்கே எழுதவில்லை. அந்தக் கூட்டத்துக்கு விளம்பரப் படம் மீனாட்சி கோபுரம்.

எங்கள் பக்கம் எல்லாம் சரி என்றும் இல்லை. முதல் இரண்டு வருஷம் அந்த அறை ஆண்களின் அறையாகத்தான் இருந்தது. எயிட்ஸ் தடுப்புப் பணத்தில் நடந்த டிஐசி என்கிற வந்துபோகும் மையங்களின் பழக்கம்: ஆண்களுக்கும், பெண் தன்மையுள்ள ஆண்களான கோத்திகளுக்கும், திருநங்கையருக்கும் உட்கார ஒரு இடம் உண்டு, பெண்களும் திருநம்பிகளும் எந்த ப்ராஜெக்டிலும் வரமாட்டோம், எங்களுக்கு ஆணுறை தேவையில்லை பாருங்கள். சண்டை போட்டுத்தான் முதலில் ஒரு ஞாயிறு, பிறகு எல்லா ஞாயிறும் வாங்கினோம். அதில் மனம் கசந்து ரெண்டு நல்ல தோழர்கள் வராமலே போனார்கள். ஆண்டறிக்கை நான் நேரத்துக்கு அனுப்பினதே இல்லை, ஒரு வருஷம் அனுப்பவே இல்லை. கேளுங்கள், திட்டுங்கள். மூடாதீர்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. எட்டு வருஷத்தில் எங்களை அழைத்தவர்கள், அறைக்கு வந்தவர்கள் எல்லாருடைய பெயரையும் நம்பரையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் ஏற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள், 'தொடர் சேவை'க்காக. உங்கள் சென்னை எண்ணில் இருந்து ஒரு தெரியாத குரல் பகல் பதினோரு மணிக்கு அழைத்து, அமைப்பின் பெயரைச் சொல்லி, மாமியாரிடம் "இன்னார் இருக்காங்களா?" என்று கேட்டால் என்ன நடக்கும்? எங்கள் நம்பர் அவர்கள் போனில் 'தையல் அக்கா', 'டைப்பு டீச்சர்', 'கேஸ் சிலிண்டர்' என்றெல்லாம் இருக்கிறது. பட்டியல் என்று ஒன்று என்னிடம் கிடையாது. இருந்தாலும் தரமாட்டேன்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

முப்பதாம் தேதிக் கெடுவை எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள். மூன்று மாசம் எதையும் தொடாமல் வையுங்கள். அதற்குள் செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் ஒரு ஞாயிறு மதுரைக்கு வந்து, அறையில் உட்கார்ந்து, மூடலாமா வேண்டாமா என்று எங்களிடம் கேளுங்கள். எதிரே மேடை, மைக் ஒன்றும் வேண்டாம், பாயில் உட்கார முடியாதவர்களுக்கு ரெண்டு ஸ்டூல் இருக்கிறது.

வாடகை உங்களால் முடியவே முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், ஒப்பந்தத்தை எங்கள் பெயருக்கு மாற்றிக்கொடுங்கள். அட்வான்ஸ் நாற்பதாயிரத்தில் பதினெட்டாயிரம் நாங்கள் தலைக்கு இவ்வளவு என்று போட்டது, அந்தக் கணக்கும் என்னிடம் இருக்கிறது, அதை நீங்கள் எடுக்க முடியாது. வாடகைக்கு நாங்கள் சீட்டுப் போட்டுக்கொள்வோம், ஏற்கெனவே பன்னிரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள்.

ஆனால் லெட்டர்பேடும் அமைப்பின் பதிவு எண்ணும் எங்களுக்கு வேண்டும். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் அதற்குத்தான் மரியாதை, என் முகத்துக்கு இல்லை. உதவி எண் மாறக்கூடாது, ராத்திரி ஒலிக்க வேண்டும், மதுரையில் ஒலிக்க வேண்டும். எக்ஸெல் ஷீட் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், மற்ற மாவட்டத்துத் தோழர்களிடமும் கேட்டிருந்தால் அவர்களுக்கும்.

செயற்குழுவில் பதினோரு பேர், திருச்சிக்குத் தெற்கே ஒருவரும் இல்லை. அடுத்த பொதுக்குழுவில் தென்மாவட்டங்களுக்கு இரண்டு இடம் ஒதுக்குங்கள், அதில் ஒன்று பெண்ணுக்கோ திருநம்பிக்கோ. எனக்குக் கேட்கவில்லை, எனக்கு ஞாயிறு தவிர லீவே கிடையாது.

இனிமேல் எங்களைப் பற்றி எடுக்கிற எந்த முடிவும் தமிழில் வர வேண்டும். நமக்கான சொற்களை அரசே 2022இல் தமிழில் பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிட்டுவிட்டது, நம் அமைப்பு இன்னும் 'மினிட்ஸ்' அனுப்பிக்கொண்டிருக்கிறது.

வருகிற ஞாயிறு மூணு மணிக்கு வழக்கம்போல அறை திறந்திருக்கும். சிம்மக்கல்லில் இறங்கி டைப்ரைட்டிங் கிளாஸ் எங்கே என்று கேளுங்கள், டீக்கடை அண்ணன் சொல்வார். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சனிக்கிழமைக்குள் சொன்னால் அவரிடம் டீக்குச் சொல்லி வைப்பேன்.

இப்படிக்கு,
சாவி வைத்திருப்பவள்,
மதுரை